ஞாயிறு அறையில் வைத்த பேட்டரி

காதுக் கருவி மையத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும் போன வாரம் என் வீடு தேடி வந்து, "உங்க அனுபவத்துலேர்ந்து எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். கையில் இனிப்புப் பெட்டி வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் காதுக் கருவி பொருத்தியவளிடம் சாமர்த்தியக் கதைகள் மூட்டை மூட்டையாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் போகிறது.

கம்ப்யூட்டரில் கோடு இழுத்து ஒலியைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. காதுக்குள் வைக்கிற அந்தச் சின்னக் கருவி நம் வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று யோசியுங்கள். குளிக்கும்போது கழற்றுங்கள், பிரஷ்ஷால் காதுக் குறும்பியைத் துடையுங்கள், படுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்து ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போடுங்கள் என்று நாம் ஒப்பிப்போம். அவர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் பாதியை மறந்துவிடுவார்கள்.

அதிலும் பேட்டரி விஷயம் பெரிய தலைவலி. கருவி திடீரென்று ஊமையாகிவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். திருமழிசையிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் வந்து சேருவார். கதவைத் திறந்து பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். இப்படி எத்தனையோ பேர் வந்து போன பிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. நம்மிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். எல்லோர் வீட்டிலும் ஏழு கிழமைக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா உண்டு. வாரம் ஒரு பேட்டரி என்றால், ஞாயிறு அறையில் மாத்திரையோடு ஒரு பேட்டரியையும் போட்டு வைத்துவிட்டால் போதுமே! மாத்திரையை எடுக்கும்போது பேட்டரி கண்ணில் படும், மாற்றிவிடுவார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்களோ, முகம் சுளிக்கிறீர்களோ, தெரியவில்லை. அன்று யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் மையத்தை நடத்தியவர் மற்ற எல்லோரையும் கூப்பிட்டு, "இவங்க சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார். பேட்டரி தீர்ந்தது தெரியாமல் ஓடி வருகிறவர்கள் உண்மையிலேயே குறைந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன்.

இன்னொன்றும் கூடவே சொல்வேன். இந்தப் பேட்டரியின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால்தான் காற்றுப் பட்டு வேலை செய்யும். உரித்ததும் உடனே கருவியில் போடாமல் ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் நன்றாக உழைக்கும். இது சரியான அறிவுரைதான், நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அந்தப் பேட்டரி எங்கே கிடக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கள்ளிக்குப்பத்தில் அந்தோணி ஐயா என்று ஒருவர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியே இடது காதை முழுசாகத் தொலைத்தவர். வலது காதில் மிச்சமிருந்த கொஞ்சத்தை என் கருவி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் நின்று பட்டாசு வெடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் சாமியாரின் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்பார். அப்புறம் திங்கட்கிழமை என்னிடம் வந்து அதில் குற்றம் கண்டுபிடிப்பார். அவர் மனைவி ஜெசிந்தா அம்மா சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷி. நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிற ஒரே வீடு அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா அம்மாவிடமிருந்து போன்.

"மேடம், இவரு பேட்டரிய முழுங்கிட்டாரு மேடம்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பேட்டரிம்மா?"

"காது மிசின் பேட்டரிதான் மேடம். நீங்க சொன்ன மாதிரி டப்பாலேர்ந்து எடுத்து, ஸ்டிக்கர உரிச்சி, ஆறட்டும்னு மறுபடி மாத்திர டப்பா ரூம்புலயே வெச்சேன். பால் பொங்கிடுச்சின்னு உள்ள ஓடுனேன். திரும்பி வந்து பாக்குறேன், டப்பாவ அப்டியே கைல கவுத்து வாயில போட்டுகினு தண்ணி குடிக்கிறாரு. அதுல பேட்டரி கீது, பேட்டரி கீதுன்னு கத்துறேன், கத்துறேன், மிசின கயட்டி வெச்சிருந்தா அவருக்கு எங்க மேடம் கேக்கும்?"

தூக்கிவாரிப் போட்டது என்று சொல்வோமே, அது வெறும் பேச்சு இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஸ்டிக்கர் இருந்திருந்தால் அது கலர் வாலோடு தனியாகத் தெரிந்திருக்கும். உரித்த பிறகு அது சின்னதாக, வட்டமாக, மாத்திரைகளோடு மாத்திரையாகக் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் நான் சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருக்கிறது.

போனில் பின்னாலிருந்து அவர்கள் மகன் வின்சென்ட்டின் குரல் கேட்டது. "சும்மா பயப்படாதம்மா, ரெண்டு வாழப்பழம் குடுத்துட்டேன்ல, தானா எறங்கிடும்."

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்து நின்றது. பயப்படாதீங்க, தானா வெளிய வந்துடும். பெரும்பாலும் வந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் அதைச் சொல்ல நான் துடித்தது அதனால் இல்லை. 'நீங்க சொன்ன மாதிரி' என்று அந்த அம்மா சொன்னாரே, அது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. பேட்டரி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டால் என் அறிவுரையும் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு மனுஷன் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது என் புத்தி இப்படிப் போயிற்றே என்று இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லி வைத்தேன். உடனே ஆவடியில் இருந்த என் மூத்தவருக்கு, எனக்கு இந்த வேலையில் முதல் மேலாளராக இருந்தவருக்கு, போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப அது எங்க நிக்குது?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியலைன்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு. எனக்கு எதுக்கு போன் பண்ணிக்கிட்டு இருக்கே?" என்று வைத்துவிட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நல்லவேளை, அறைந்தார்.

ஜெசிந்தா அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். இனிமேல் ஒரு வாய் சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், மீதிப் பேட்டரி அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இவரு வரமாட்டேன்றாரு மேடம். பூசைக்கு டைமாச்சின்னு சட்ட மாட்டிகினு நிக்கிறாரு. நாங்க சொல்றது ஒண்ணும் அவருக்குப் புரியல" என்று அந்த அம்மா அழுதார். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நான் போனபோது அந்தோணி ஐயா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று வின்சென்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் அவர் கருவி, பேட்டரிக் கதவு திறந்தபடி, காலியாகக் கிடந்தது. கண்ணெதிரே கிடந்த கருவியில் வேறு பேட்டரி போட வேண்டும் என்று அந்தக் கலவரத்தில் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை உரித்தேன். அவசரத்தில் அது கீழே விழுந்து உருண்டது. தேடி எடுத்து, ஐந்து நிமிஷமாவது ஒன்றாவது, அப்படியே போட்டு அவர் காதில் மாட்டினேன். இன்னொரு பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"ஐயா, காலைல மாத்திரையோட இதையும் முழுங்கிட்டீங்க."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவா? சக்கர மாத்திரன்னுல்ல நெனச்சேன்." பிறகு மனைவியைப் பார்த்து, "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார்.

"கத்துனேன்யா" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தொண்ட கிழிய கத்துனேன்."

"தொண்டையில ஏதாவது அடைக்கிற மாதிரி இருக்கா ஐயா?"

"அது எப்பவும் கீறதுதான் மேடம். ரெண்டு வருஷமாவே இட்லிகூட தண்ணி ஊத்துனாத்தான் எறங்கும்."

இரண்டு வருஷமாக அந்த மனுஷன் என் எதிரே உட்கார்ந்து பிரசங்கக் கதை எல்லாம் பேசியிருக்கிறார். அவருக்கு விழுங்குவதில் சிரமம் என்று எனக்குத் தெரியாது. காதைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் கேட்டதில்லை.

எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. டாக்டர் ஒரு இளம்பெண், உங்கள் வயதுதான் இருக்கும். உணவுக்குழாய் அந்த இடத்தில் சுருங்கியிருக்கிறது, பேட்டரி அங்கேயே மாட்டி நிற்கிறது, நேரம் ஆக ஆகச் சதையை அரித்து ஓட்டை போட்டுவிடும், உடனே குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார். "சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். வின்சென்ட் வாழைப்பழம் என்றதும் அவர் முகம் மாறியது. வயிற்றில் சாப்பாட்டோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, ஆனால் காத்திருப்பது அதைவிட ஆபத்து என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கழற்றியதும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிலும் யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வின்சென்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு அறிவுகீதாம்மா? மாத்திரையோட எவனாவது பேட்டரிய வெப்பானா? அப்பாவுக்கு ஏதாவது ஆச்சின்னா நான் உன்ன சும்மா உடமாட்டேன்" என்று எகிறினான்.

ஜெசிந்தா அம்மா தலை நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். மகனிடம் திரும்பி, "என் புத்திதான்டா. நான்தான் வெச்சேன்" என்றார்.

அதிர்ச்சி என்றால் காலையில் போன் வந்ததுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு பேச்சுக்கு நான்கு தடவை என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிற அந்த அம்மா, கணவன் சாகக் கிடக்கும்போது, என் பேர் கெட்டுப்போகக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதைவிடக் கேவலம், நான் அதை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எதிர்ச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். பேட்டரியை எடுத்தாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை, ஒரு பக்கம் சின்னதாகப் புண்ணாகியிருக்கிறது, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஜெசிந்தா அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே அந்தப் பேட்டரி, விளிம்பெல்லாம் கறுத்துப்போய் இருந்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அப்படி ஆகியிருக்கிறது. "மாத்திரை டப்பால இதை வெச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றேன்.

வின்சென்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்களா மேடம்?" என்றான். அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் போய் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

காலையிலிருந்து அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டில் நடந்த விபத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கெங்கோ, எத்தனையோ வீட்டில், அந்த ஞாயிறன்றும் பேட்டரியும் மாத்திரையும் ஒரே அறையில் கிடந்தன.

மறுநாள் மையத்தை நடத்தியவரிடம் எல்லோருக்கும் போன் செய்து சொல்லப்போகிறேன் என்றேன். "ஒருத்தருக்கு நடந்ததுக்கு ஊரையே கூட்டுவாங்களா? நம்ம பேரு என்னாவறது? இனிமே வர்றவங்ககிட்ட சொல்லாம விட்டாப் போதும்" என்றார். இந்த மாதிரி யோசனை உங்களுக்கும் ஒருநாள் யாரிடமிருந்தாவது வரும். அன்பாகவே வரும், நியாயமாகவும் படும். என் வேலை போனாலும் போகட்டும் என்று பேரேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரும் அதற்குமேல் தடுக்கவில்லை.

காது கேளாதவர்களுக்கு போன் போட்டு ஒரு விஷயத்தைப் புரியவைப்பது எப்படிப்பட்ட கூத்து என்று உங்களுக்கே தெரியும். "பேட்டரிய எடுத்துடுங்க" என்று நான் கத்த, "பேட்டரி நல்லா இருக்கும்மா, நீங்க சௌக்கியமா?" என்று அவர்கள் கத்த, வீட்டில் வேறு யாராவது இருந்தால் கொடுங்கள் என்று கெஞ்சி, இல்லாத வீட்டுக்கு நேரில் போய், அந்த வாரம் முழுக்க எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பலர் சரி மேடம் என்று உடனே எடுத்துவிட்டார்கள். சிலர், நீங்கள் சொன்னதை நாங்கள் எப்போது செய்தோம் என்று சிரித்தார்கள். என் பேச்சைக் கேட்காத அத்தனை பேரையும் அன்று கும்பிடத் தோன்றியது. பேட்டரியை மாத்திரை இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது தனி டப்பாவில், தனி இடத்தில் இருக்கட்டும், உரித்தால் கருவியின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீங்களும் அங்கேயே உட்காருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நீங்களும் அதைச் சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல், வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை ஜெசிந்தா அம்மாவை நான் அப்படிச் செய்துகாட்டச் சொல்லியிருந்தால் போதும்.

அந்தோணி ஐயா பிழைத்து வந்தார். உணவுக்குழாய்ச் சுருக்கத்தையும் சரி செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா பலகாரத்தோடு வந்து, "இப்ப இட்லி தண்ணி இல்லாமலே எறங்குது மேடம், எல்லாம் உங்களாலதான்" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அவருக்காக இல்லை. போன் போட்ட அந்த வாரம், பேரேட்டில் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கோவில்பதாகை ஊர்க்காரர் பாஸ்கரன் பேர் இருந்தது. வேன் ஓட்டுகிறவர், நன்றாகப் பேசுவார். அவரே போனை எடுத்தார். மற்றவர்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்: மாத்திரை டப்பாவிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

"எடுத்து ரொம்ப நாளாச்சி மேடம்" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முழுங்கிட்டேன் மேடம்."

"எப்ப?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு மேல கீது. மூணு நாளு பயத்துல சோறு எறங்கல. ஊட்ல யாருக்கும் தெரியாது. அப்பறம் அதுவா போயிடுச்சி."

"என்கிட்ட ஏன் சொல்லல பாஸ்கரன்?"

"சொல்லத்தான் மேடம் வந்தேன். அதே வாரம் வந்தேனே. அட்டைய வாங்கிப் பாத்துட்டு, ஒண்ணு கொறையுதே, எங்க போச்சு, தின்னுட்டீங்களான்னு கேட்டுச் சிரிச்சீங்க. கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் எப்டி மேடம் ஆமான்னு சொல்றது?"

கேட்டிருப்பேன். அது நான் எல்லோரிடமும் அடிக்கிற ஜோக். பேட்டரியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் கூச்சப்படாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வேன். அன்று அவர் வாய் திறக்க இரண்டு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால், அந்தோணி ஐயா நெஞ்சில் அது போய் மாட்டியிருக்காது. நான் சிரித்தது பாஸ்கரனுக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது. கருவியை அவ்வளவு நன்றாகப் பொருத்தியிருந்தேன்.